பதினொரு நிமிடக் கதவு

காலை எட்டரைக்குக் கச்சேரி வாசலில்
என் பெருவிரலை இயந்திரம் நம்பவில்லை.
மீண்டும் முயற்சிக்கவும், என்றது.
சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
நேற்றிரவு நண்டு உடைத்த விரல்,
அதற்கு முன் இருபது வருடம் சட்டி தேய்த்த விரல்,
ரேகை கொஞ்சம் கரைந்துதான் போயிருக்கும்.
பின்னால் நின்ற தவநீதன்
மற்றக் கையை வைத்துப் பாருங்கோ அக்கா என்றான்.
வைத்தேன்.
வணக்கம் தவநீதன், என்றது.

பகல் முழுக்க
காணிக் கடதாசிக்கு வந்தவர்களிடம்
சிஸ்டம் இல்லை, சிஸ்டம் இல்லை என்று
செத்த வீட்டில் நேரம் சொல்வதுபோல
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.
மூன்று மணிக்கு உயிர் வந்தது.
அச்சியந்திரம் தமிழை மட்டும்
பெட்டி பெட்டியாய் அடித்தது.
சம்பூர் நான்கு பெட்டி.
வாங்கியவர் அதையும் மடித்து
சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

உவர்மலைக்கு வந்து சேர்ந்தால்
வீட்டில் சிவப்பு விளக்கு மினுங்குகிறது.
கம்பனிக்கு எடுத்தேன்.
தமிழுக்கு இரண்டை அமத்தினேன்.
பாட்டு முடிந்து ஒரு பிள்ளை வந்தாள், கொழும்பிலிருந்து.
கேபிளை மான் கடித்துவிட்டது என்றேன்.
மாடா, மிஸ்?
மான். புள்ளிமான். இங்கே பஸ் ஸ்டாண்டிலும் நிற்கும்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மான் என்று தெரிவு இல்லை மிஸ்,
மற்றவை என்று போடுறன்.

போன் டேட்டாவில்தான் படத்தைப் போட்டேன்.
இந்த மனுசனின் எட்டாவது படம்.
பெயரைச் சரியாக உச்சரிக்க
எனக்கும் றிஸ்மியாவுக்கும் இன்னும் வராது,
கதவுக்காரர் என்போம்.
மற்றவர்கள் போகிறவளின் பின்னால் ஓடுவார்கள்,
அவளோடு ரயிலில் ஏறுவார்கள்,
மழையைக் கூப்பிடுவார்கள், வயலினைக் கூப்பிடுவார்கள்.
இவர் ஓடமாட்டார்.
ஆள் போன பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்,
வாடகை வாங்க வந்தவர் மாதிரி.
முதல் படத்துக் கதவில் நாய் கீறிய தடம்.
மூன்றாவதில் கொழுக்கி ஆடி ஆடி
ஓயும்வரை நிற்பார்,
ஓய்ந்த பிறகும் கொஞ்சம் நிற்பார்.
அந்தக் கொஞ்சத்துக்காகத்தான்
நானும் அவளும் ஏழு படம் பார்த்தோம்.

இதில் மகன் போகிறான்.
பச்சைக் கதவு, பாதி திறந்தபடி.
ஒரு நிமிடம். இரண்டு.
வயது போகப் போகத் துணிந்துவிட்டார் என்று நினைத்தேன்.
நாலாவது நிமிடத்தில்
கீழ்ப்பலகையில் பெயின்ற் உரிந்திருப்பதைக் கண்டேன்.
ஆறாவதில் அந்த உரிவுக்கு
உட்துறைமுகத்தின் வளைவு வந்தது.
எட்டாவதில்,
அண்ணா போன அன்று
எங்கள் கதவு என்ன நிறம் என்று யோசித்தேன்.
தெரியவில்லை.
எல்லோரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
ஜீப் திரும்பிய முனையை.
நீலமா? பெயின்ற் அடிக்காத பலகையா?
கதவு திறந்துதான் கிடந்திருக்கும்,
யாரும் சாத்திய ஞாபகம் இல்லை.

பதினோராவது நிமிடத்தில் போன் சொன்னது:
உங்கள் டேட்டா முடிவடைந்துவிட்டது.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை.
மிச்சமிருந்த காசில் எஸ்எம்எஸ் அனுப்பினேன்:
பதினொரு நிமிடம் வெறும் கதவு!
யாருக்கடி வரும் இந்தத் துணிச்சல்.
கிண்ணியாவிலிருந்து பதில் வர
ஒரு மணி நேரம் ஆனது.
என்ன பதினொண்டு?
கதவு அரை நிமிசம்தான்.
உன்ட போன் இறுகி நிண்டிருக்கும்.
பிறகு அவன் திரும்பி வாறான்,
குடையை மறந்துபோனானாம்.

சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்
வாசல் லைற்றைப் போட்டேன்.
நடுச்சாமத்தில் கம்பனியிலிருந்து செய்தி:
உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது, நன்றி.
சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

நூறு ரூபாய்க்கு டேட்டா போட்டால்
அவன் வந்துவிடுவான்.
முந்தநாள் சம்பளமும் வந்துவிட்டது.
இன்னும் போடவில்லை.